ஒரே பெயரில் வேறு வேறு ஆறுகள்: கனடாவிலும் ஒரு தேம்ஸ் ஓடுகிறது

கெடிலக்கரை, கடலூர்

வணக்கம் நண்பர்களே. போன வாரம் என் மகன் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினான். ஆற்றங்கரையில் நிற்கிறான், கரையெல்லாம் பனி, பின்னால் ஒரு பாலம். கீழே "தேம்ஸ் கரையில்" என்று எழுதியிருந்தான். அவன் படிப்பது கனடாவில். சொல்லாமல் கொள்ளாமல் இங்கிலாந்துக்கு எப்போது போனான் என்று அவன் அம்மா பதறிவிட்டாள். கூப்பிட்டுக் கேட்டால், "நான் எங்கேயும் போகலம்மா. நான் இருக்கிற ஊர் பேரே லண்டன்தானே, ஊருக்கு நடுவில் ஓடுற ஆறும் தேம்ஸ்தான்" என்கிறான். ஊரின் பெயர் லண்டன் என்பது அவன் சேரும்போதே எங்களுக்குத் தெரியும். ஆறும் அதே பெயரில் இருக்கும் என்று நினைக்கவில்லை.

அன்றிலிருந்து இதே யோசனை. இரண்டு ஊருக்கு ஒரே பெயர் இருப்பது புரிகிறது. புதுப்பேட்டை, புதுப்பாளையம் என்று நம் பக்கத்திலேயே எத்தனை! ஊரை மனிதன் உண்டாக்குகிறான், பெயரும் வைக்கிறான். ஆறு அவன் வருவதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கெடிலத்தை அப்பர் பாடியது 7ஆம் நூற்றாண்டில். இன்றும் திருவதிகையில் அதே பெயர்தான். கடல் கடந்த நாட்டில் ஏதோ ஓர் ஆற்றுக்குக் கெடிலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் எனக்கு மனசு என்னவோ போல இருக்கும். இந்தப் பெயர்கள் எப்படி இடம் மாறுகின்றன? வேறு எங்கெல்லாம் இப்படி இருக்கிறது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சொல்வேர், லாஸ்பேட்டை

அண்ணே, உங்கள் மகன் இருக்கும் ஊரின் கதை தெளிவானது. 1790களில் அந்தப் பகுதிக்கு சிம்கோ என்ற ஆங்கிலேயர் முதல் துணை ஆளுநராக இருந்தார். அங்கே ஒரு தலைநகரம் கட்ட வேண்டும், அதற்கு லண்டன் என்று பெயர் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. லண்டன் என்றால் தேம்ஸ் வேண்டாமா? வைத்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. டொரன்டோவில் ஓடும் டான், ஹம்பர் இரண்டுக்கும் இங்கிலாந்து ஆறுகளின் பெயர்களைக் கொடுத்தவரும் அவர்தான்.

அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் நியூ லண்டன் என்று ஓர் ஊர் உண்டு. அதன் பக்கத்தில் ஓடுவதும் தேம்ஸ். அதற்கு முன் அந்த ஆற்றுக்கு அங்கிருந்த பீக்வாட் மக்களின் பெயர்தான் வழங்கியது. அவர்களோடு போர் நடந்து, அந்த மக்கள் சிதறடிக்கப்பட்ட பிறகு ஆற்றின் பெயரும் மாறியது. நியூசிலாந்தில் ஆங்கிலேயக் கடலோடி குக் 1769இல் ஓர் ஆற்றுக்குள் படகில் போனார், லண்டன் ஆறு நினைவுக்கு வந்ததும் அதற்கும் தேம்ஸ் என்று எழுதிவிட்டார். அந்த ஆறு இன்று வைஹோ என்ற மாவோரிப் பெயருக்கே திரும்பிவிட்டது. பக்கத்து ஊர் மட்டும் தேம்ஸ் என்றே இருக்கிறது.

நீங்கள் கேட்டதால் இதையும் சொல்கிறேன். உங்கள் மகன் நிற்கும் அந்தக் கரையில் சிம்கோவுக்கு முன்பே ஆட்கள் இருந்தார்கள். அனிஷினாபே மக்கள் அதை தேஷ்கன் சீபி என்பார்கள். மான்கொம்பு ஆறு என்று பொருள். சீபி என்றால் ஆறு. மிசிசிப்பி என்பதில் உள்ள சிப்பியும் இதே சொல்தான்: பெரிய ஆறு.

நிலவரை, நெல்லிக்குப்பம்

நான் 31 வருடம் புவியியல் பாடம் நடத்தியவன். வகுப்பில் இதைச் சொல்ல நேரம் கிடைத்ததே இல்லை, இங்கே சொல்லிவிடுகிறேன்.

வெளிநாடு வரை போக வேண்டாம், நம் கடலூரில் கடலில் கலக்கும் பெண்ணையையே எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர் வழியாக நம்மிடம் வருகிறது. அதே நந்தி மலைப் பக்கத்தில் இன்னொரு பெண்ணை பிறந்து, வடக்கே ஆந்திரத்துக்குள் போய் நெல்லூர் தாண்டிக் கடலில் விழுகிறது. இரண்டுக்கும் பினாகினி என்றே பெயர், ஒன்று உத்தர, ஒன்று தட்சிண. ஒரே வீட்டில் பிறந்த அக்கா தங்கை போல. 2021 நவம்பரில் இரண்டிலும் ஒரே நேரத்தில் பெருவெள்ளம். நெல்லூர்ப் பாலத்தின் படத்தைப் போட்டுப் "பெண்ணையாற்றில் வெள்ளம்" என்று யாரோ பகிர, சென்னையிலிருந்த என் மகள் நம் வீடு போய்விட்டது என்று அழுதுகொண்டே கூப்பிட்டாள். நம் பெண்ணையிலும் தண்ணீர் கரை புரண்டதால் அவளைச் சமாதானம் செய்யவும் முடியவில்லை.

அடுத்து பாலாறு. வேலூர், காஞ்சிபுரம் வழியாக வருவது ஒன்று. கர்நாடக எல்லையில் மேட்டூருக்கு மேலே காவிரியில் சேருவது ஒன்று. பழனிப் பக்கம் ஒன்று. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவில் மொன்டானாவிலும் ஒரு பாலாறு ஓடுகிறது. அங்கே புறப்பட்டு, கனடாவின் ஆல்பர்டாவுக்குள் போய், திரும்ப மொன்டானாவுக்கே வந்து மிசௌரியில் சேரும். 1805இல் அந்த வழியாகப் போன லூயிஸ் என்ற அமெரிக்க ஆய்வுப் பயணி, ஒரு கோப்பைத் தேநீரில் ஒரு கரண்டி பால் விட்ட நிறம் என்று எழுதி, பால் ஆறு என்றே பெயர் வைத்தார். வண்டல்தான் காரணம். ஜமைக்காவிலும் ஒரு பால் ஆறு உண்டு. இவர்கள் யாரும் வாணியம்பாடிக்கு வந்து கேட்டுப் பெயர் வைக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தார்கள், தோன்றியதைச் சொன்னார்கள்.

வெள்ளாறும் அப்படியே. சேலம் பக்கம் அதன் ஒரு கிளைக்கு சுவேத நதி என்று பெயர், அதுவும் வெள்ளாறுதான். ஈரானில் சபீத் ரூத் என்றால் வெள்ளாறு. ஆப்பிரிக்காவில் வெள்ளை நைல். கடலூர் துறைமுகத்துக்குப் பின்னால் கிடக்கும் நம் உப்பனாறுக்குக்கூட அரிசோனாவில் ஓர் உப்பாறு, அர்ஜென்டினாவில் ரியோ சலாதோ, கேப் டவுனில் ஒன்று என்று கூட்டாளிகள் இருக்கிறார்கள். செய்யாறைப் பற்றி மட்டும் அடித்துச் சொல்ல மாட்டேன். செந்நிற ஆறு என்பவரும் உண்டு, முருகனாகிய சேயின் ஆறு என்பவரும் உண்டு.

பரங்கிப்பேட்டையான்

ஐயா வெள்ளாறைத் தொட்டதால் எழுதுகிறேன். சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாக எங்கள் ஊரில் கடலில் கலப்பது ஒரு வெள்ளாறு. புதுக்கோட்டை வழியாகப் போய் மணமேல்குடிப் பக்கம் கடலில் சேருவது இன்னொரு வெள்ளாறு. பழைய சோழநாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லையாகச் சொல்லப்பட்டது அதுதான். ஒரு மழைக்காலத்தில் தொலைக்காட்சியில் "வெள்ளாற்றில் தண்ணீர் வரத்து அதிகரிப்பு, கரையோர மக்களுக்கு எச்சரிக்கை" என்று ஓடியது. எந்த மாவட்டம் என்று ஒரு சொல் இல்லை. ராத்திரி 11 மணிக்கு எங்கள் தெருவில் கைக்குழந்தையோடு இருந்தவர்கள் எல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். செய்தி புதுக்கோட்டை வெள்ளாற்றுக்கானது என்று காலையில்தான் தெரிந்தது. அடுத்த தடவை உண்மையாகவே எங்களுக்கு எச்சரிக்கை வந்தால், பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். எனக்கு அதுதான் பயம். வடவெள்ளாறு, தென்வெள்ளாறு என்று சொல்ல ஒரு விநாடி போதும்.

பண்ருட்டிப்பலா

எனக்கு ஒரு சந்தேகம். மத்தியப் பிரதேசத்தில் ஓம்காரேஷ்வர் போயிருந்தேன். அங்கே நர்மதையோடு ஓர் ஆறு கலக்கிறது, அதன் பெயர் காவிரி! படகுக்காரர் சொன்னதும் உடம்பு சிலிர்த்துவிட்டது. தென் குஜராத்திலும் ஒரு காவிரி இருக்கிறதாம். நம் ஆட்கள் அங்கே போய்க் குடியேறி, ஊர் நினைவாக வைத்த பெயராகத்தானே இருக்க வேண்டும்? உலகம் முழுக்க ஒரே பெயரில் இருக்கும் ஆறுகளைத் தேடினால், நம் மக்கள் நடந்துபோன பாதையே கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

சொல்வேர், லாஸ்பேட்டை

தம்பி, உங்களுக்குச் சிலிர்த்தது எனக்குப் புரிகிறது. நானும் அங்கே போனால் சிலிர்த்திருப்பேன். ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்துக் குடியேற்றம் என்று சொல்லிவிட முடியாது. புண்ணிய நதியின் பெயரை இன்னொரு நீருக்கு வைப்பது நாடு முழுக்க இருக்கும் வழக்கம், அதற்கு யாரும் மூட்டை கட்டிக்கொண்டு நடந்து வரத் தேவையில்லை. கல்வெட்டோ, பேச்சில் மிஞ்சிய சொற்களோ, வேறு ஏதாவது கூடவே நின்றால் பேசலாம்.

பெரியாறு என்ற பெயரைப் பாருங்கள். கேரளத்தில் ஒன்று. ஸ்பெயினில் குவாதல்கிவிர் என்பது வாதி அல் கபீர் என்ற அரபியின் திரிபு, அதாவது பெரிய ஆறு. ரியோ கிராண்டே என்றாலும் பெரிய ஆறுதான். அமெரிக்கா, மெக்சிகோ எல்லையில் ஓடுவது ஒன்று, மெக்சிகோக்காரர்கள் அதையே ரியோ பிராவோ என்கிறார்கள். பிரேசிலில் ஒன்று, பொலிவியாவில் ஒன்று, ஜமைக்காவில் ஒன்று. மிசிசிப்பியை முன்பே சொன்னேன். இந்தப் பெயர்களை வைத்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை.

இன்னும் ஆழமாகப் போனால் ஏவன். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கம் ஓர் ஏவன், ஸ்ட்ராட்போர்டு பக்கம் ஓர் ஏவன், சாலிஸ்பரி பக்கம் ஒன்று, டெவனில் ஒன்று, ஸ்காட்லாந்திலும் உண்டு. காரணம் எளியது. அந்தத் தீவின் பழைய கெல்டிக் மொழியில் அந்தச் சொல்லுக்கே ஆறு என்றுதான் பொருள். வேல்ஸ் மொழியில் இன்றும் அவோன் என்றால் ஆறு. பின்னால் வந்த ஆங்கிலேயர் "இது என்ன?" என்று கேட்டிருப்பார்கள், கரையில் இருந்தவர் "ஆறு" என்றிருப்பார். வந்தவர் அதைப் பெயர் என்று எடுத்துக்கொண்டார். இப்போது ஏவன் ஆறு என்றால் ஆறு ஆறு. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் ஓடும் ஏவனை ஷேக்ஸ்பியர் ஊரின் ஆற்றுப் பெயர் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே குடியேறிய டீன்ஸ் சகோதரர்கள் தங்கள் தாத்தாவின் ஸ்காட்லாந்துப் பண்ணைக்கு அருகே ஓடிய ஏவனை நினைத்துக் கேட்டு வாங்கிய பெயர், 1848இல். மாவோரிகளுக்கு அது ஓட்டாகாரோ.

இதற்கு நேர் எதிரும் உண்டு, பெயர் ஒன்றாகவும் வேர் வேறாகவும். ரஷ்யாவின் டான் 1,870 கிலோமீட்டர் ஓடுகிறது. அதன் பெயர் பழைய ஈரானிய மொழியில் ஆற்றைக் குறிக்கும் தானு என்ற சொல். ஸ்காட்லாந்தில் அபர்டீன் பக்கம் ஓடும் டான் அப்படியல்ல, அது தேவோனா என்ற பெண் தெய்வத்தின் பெயரிலிருந்து தேய்ந்து வந்தது. வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்து.

புதுவை வாசகி

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. என் தாத்தாவின் அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் தோங்கினில் இருந்தார், இன்றைய வடக்கு வியட்நாம். பாட்டியின் சொந்தக்காரர்கள் மொரிசியசில். 18ஆம் நூற்றாண்டிலேயே கொத்தனார்களும் தச்சர்களும் புதுச்சேரியிலிருந்து அங்கே கப்பலேறிப் போன வழி வந்தவர்கள். பாட்டி இறந்த பிறகு தகரப் பெட்டியைத் திறந்தால் ஒரு கட்டுக் கடிதம். பலவற்றில் "ரிவியேர் நுவார்" என்ற இடம் வருகிறது. கருப்பு ஆறு. எல்லாம் ஒருவர் எழுதியது என்று நினைத்து அடுக்கினேன். ஒன்றில் மழை, கொசு, மலையேறுவது, காய்ச்சல். இன்னொன்றில் கரும்பு வெட்டு, காவடி, கோயில் கொடியேற்றம். ஒரே மனிதர் எப்படி ஒரே ஊரில் இருந்துகொண்டு இரண்டு விதமாக எழுதுவார்? அஞ்சல் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது. ஒன்று தோங்கினின் கருப்பு ஆறு, வியட்நாமியர் சோங் தா என்பது. இன்னொன்று மொரிசியசின் கருப்பு ஆறு. இரண்டு கடலுக்கு அப்பால் இருக்கும் இரண்டு ஆறுகளுக்கும் பிரெஞ்சுக்காரன் ஒரே பெயர் எழுதிவைத்திருக்கிறான், இரண்டின் கரையிலும் எங்கள் வீட்டு ஆட்கள்.

தோங்கினின் கருப்பு ஆறு போய்ச் சேருவது சிவப்பு ஆற்றில், ஹனோய் நகரம் இருக்கும் ஆறு. வியட்நாமியருக்கு சோங் ஹோங். அவர்கள் அதை சோங் காய் என்றும் சொல்வார்கள், தாய் ஆறு என்று வைத்துக்கொள்ளலாம். நியா சாங் ஊரிலும் ஒரு சோங் காய் இருக்கிறது.

நிலவரை, நெல்லிக்குப்பம்

அம்மா, அந்தக் கடிதங்களைப் பத்திரமாக வையுங்கள், வெயில் படாமல்.

சிவப்பு ஆறு என்றதும் இரண்டு நினைவுக்கு வருகின்றன. அமெரிக்காவில் டெக்சஸ், ஓக்லஹோமா எல்லையில் ஒன்று. மினசோட்டா, வடக்கு டகோட்டா எல்லையில் இன்னொன்று, அது வடக்கு நோக்கி ஓடிக் கனடாவின் வின்னிபெக் ஏரிக்குப் போகிறது. வடக்கு நோக்கி ஓடுவதே அதற்கு வினை. வசந்தத்தில் தெற்கே மேல்பகுதியில் பனி உருகித் தண்ணீர் இறங்கும், வடக்கே கீழ்ப்பகுதி இன்னும் உறைந்து கிடக்கும். தண்ணீர் போக வழியில்லாமல் தட்டை நிலத்தில் பரவும். 1997இல் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரம் அப்படித்தான் மூழ்கியது.

கொலராடோ என்றாலும் ஸ்பானிய மொழியில் செந்நிறம்தான். டெக்சசில் ஒன்று, அர்ஜென்டினாவில் ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த பெரிய பள்ளத்தாக்கில் ஓடுவது ஒன்று. அந்தப் பெரிய கொலராடோவின் மேல்பகுதிக்கு 1921 வரை கிராண்ட் ஆறு என்று பெயர். எங்கள் மாநிலத்தின் பெயர் கொலராடோ, எங்கள் மலையில் பிறக்கும் ஆற்றுக்கு மட்டும் வேறு பெயரா என்று அந்த மாநிலம் கேட்க, அமெரிக்க நாடாளுமன்றமே சட்டம் போட்டு மாற்றியது. இரண்டு ஆறு கூடும் இடத்தில் இருக்கும் ஊர் மட்டும் இன்றும் கிராண்ட் ஜங்ஷன்.

பண்ருட்டிப்பலா

சரி சார், குடியேற்றம் பற்றி அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இலங்கையில் மகாவலி கங்கை, களனி கங்கை, களு கங்கை என்று இத்தனை கங்கைகள் இருக்கின்றனவே, அவையும் புண்ணியத்துக்காக வைத்ததா?

சொல்வேர், லாஸ்பேட்டை

அது வேறு, தம்பி. சிங்களத்தில் கங்கை என்பதே பெரிய ஆற்றுக்குப் பொதுச்சொல் ஆகிவிட்டது. சிறியது ஓயா. களு கங்கை என்றால் வெறும் கருப்பு ஆறு, வாசகி அக்காவின் பட்டியலில் சேர்க்க வேண்டியது. ஒரு நதியின் தனிப்பெயர் பொதுச்சொல் ஆவதும், ஏவன் போலப் பொதுச்சொல் தனிப்பெயர் ஆவதும் இரண்டுமே நடக்கின்றன. சிந்துவும் அப்படித்தான். முதலில் ஆறு, வெள்ளம் என்று பொருள்பட்ட சொல். அதனால்தான் பாகிஸ்தானில் ஓடும் பெரிய சிந்து போக, காஷ்மீரில் ஜீலத்தில் சேரும் ஒரு சிந்தும், மத்தியப் பிரதேசத்தில் பிறந்து யமுனையில் சேரும் ஒரு சிந்தும் இருக்கின்றன.

உண்மையிலேயே மக்களோடு நடந்த பெயர் வேண்டுமென்றால் சரயுவைப் பாருங்கள். அயோத்தியில் ஓடும் சரயுவின் பெயரும், ஆப்கானிஸ்தானில் ஹெராத் நகரின் ஹரி ரூதின் பழம்பெயரும் ஒரே சொல்தான். இங்கே ச இருக்கும் இடத்தில் ஈரானிய மொழிகளில் ஹ வரும். சரஸ்வதிக்கும் அங்கே ஹரஹ்வதி என்று ஒரு சகோதரி உண்டு. இங்கே பெயர் மட்டும் ஒத்துப்போகவில்லை, இரு பக்கத்து மொழிகளும் ஒரு குடும்பம். நான் கேட்ட கூடுதல் சான்று இந்த மாதிரியானதுதான்.

பனியன்கணக்கு, அரியாங்குப்பம்

டாக்காவில் 6 வருடம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். அங்கே ஒரு யமுனை இருக்கிறது. நாம் தமிழில் ஜமுனா என்று வேறாக எழுதிவிடுகிறோம், வங்காளத்தில் டெல்லி யமுனைக்கும் அதற்கும் எழுத்துகூட ஒன்றே. ஆனால் தண்ணீர் பிரம்மபுத்திராவின் தண்ணீர். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் டீஸ்டாவில் பெருவெள்ளம் வந்த பிறகு, பிரம்மபுத்திரா தன் பழைய தடத்தை விட்டு மெல்ல மேற்கே நகர்ந்து இந்தப் புதுத் தடத்தில் இறங்கியது. பழைய தடம் இன்று மெலிந்த ஆறு, அதற்குத்தான் பிரம்மபுத்திரா என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயர் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். 1998இல் திறந்த யமுனைப் பாலத்தில் பேருந்தில் போகும்போது பக்கத்து இருக்கைப் பெரியவர்தான் இதைச் சொன்னார். அவர் கிராமத்தை அந்த ஆறு அவர் காலத்திலேயே இரண்டு முறை தின்றுவிட்டதாம்.

கெடிலக்கரை, கடலூர்

எல்லோருக்கும் நன்றி. ஏவன் பற்றிப் படித்ததிலிருந்து ஒன்று நினைவுக்கு வந்தபடியே இருக்கிறது. தை 5ஆம் நாள் நம் பக்கத்தில் நடப்பதை நாம் என்ன சொல்கிறோம்? ஆற்றுத் திருவிழா. அவ்வளவுதான். பெண்ணைக் கரையில் இருப்பவனுக்கும் ஆற்றுத் திருவிழா, கெடிலக் கரையில் இருப்பவனுக்கும் ஆற்றுத் திருவிழா, சங்கராபரணிக் கரையில் இருப்பவனுக்கும் அதேதான். சாமி ஆற்றுக்கு வரும், மணலில் கடை போடுவார்கள், சிறுவள்ளிக்கிழங்கு வாங்கி வருவோம். "எந்த ஆறு?" என்று யாரும் கேட்டதில்லை. என் அம்மா கடைசி வரை கெடிலம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. "ஆத்துக்குப் போய் வரேன்" என்பார். வெளியூர்க்காரன் ஒருவன் வந்து அன்றைக்கு அவரிடம் பெயர் கேட்டிருந்தால், ஆறு என்றே எழுதிக்கொண்டு போயிருப்பான்.

புதுவை வாசகி

எங்கள் பக்கம் திருக்காஞ்சிச் சாமியின் பெயரே கங்கைவராக நதீஸ்வரர். கீழே ஓடுவது சங்கராபரணி. அதையே வராக நதி என்றும் செஞ்சியாறு என்றும் சொல்கிறோம், கடல் பக்கம் போனால் சுண்ணாம்பாறு. தேனி மாவட்டத்தில் பெரியகுளத்தில் இன்னொரு வராக நதி. பல ஆற்றுக்கு ஒரு பெயர் என்று பேசிக்கொண்டிருக்கிறோம், ஓர் ஆற்றுக்கு இத்தனை பெயர் இருப்பதையும் யாராவது எழுதி வைக்க வேண்டும். சுண்ணாம்பாற்றில் பழைய படகுக்காரர்கள் இரண்டு மூன்று பேர்தான் மிச்சம்.

கெடிலக்கரை, கடலூர்

மகனிடம் தேஷ்கன் சீபி பற்றிச் சொன்னேன். அவன் வகுப்பில் அனிஷினாபே பெண் ஒருத்தி படிக்கிறாளாம். அவளிடம் கேட்டு, அவள் சொல்வதைப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறான். நாம் எழுதுவது போல இல்லை, நடுவில் ஒலி கொஞ்சம் அமுங்கி வருகிறது. அவன் அம்மா மூன்று தடவை போட்டுக் கேட்டாள்.

வாசகி சொன்னதை நானும் செய்யப் போகிறேன். இந்தத் தை 5ஆம் நாள் காலை 7 மணிக்குத் தேவனாம்பட்டினம் முகத்துவாரத்தில் நோட்டோடு இருப்பேன். வயதானவர்கள் நிறைய வருவார்கள். யார் யார் எந்தத் துறையை, எந்த மடுவை என்ன பெயரில் சொல்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளலாம். வர முடிந்தவர்கள் வாருங்கள்.

பரங்கிப்பேட்டையான்

நான் வருகிறேன் அண்ணே. எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருக்கிறார், 40 வருடம் வெள்ளாற்று முகத்துவாரத்தில் வலை போட்டவர். அவர் வெள்ளாறு என்றே சொல்ல மாட்டார், ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார். நடக்க முடிந்தால் அவரையும் ஆட்டோவில் கூட்டி வருகிறேன்.